டிப்போ முனிக்கு நான் எழுதிக் கொடுத்த புத்தகம்

அன்பு மகள் சாந்தினிக்கு,

பினாங்கில் நானும் உன் பெரியம்மா ருக்குமணியும் அவளுடைய முட்டிவலியும் சௌக்கியம். ஸ்காட்லாந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் செய்தி கிடைத்தது. நம் பஸ் டிப்போ முனீஸ்வரரின் புனித நூலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய், உன் ஆய்வில் ஒரு அத்தியாயமே அதன்மேல்தான் நிற்கிறது என்கிறாராம் உன் பேராசிரியர். மகளே, அப்படி ஒரு நூலே கிடையாது. ஆயிரத்தெட்டுப் பாட்டு, செப்பேடு, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தது, எல்லாம் என் கைச்சரக்கு. ஆனால் கேட்டது யார்? நீ அனுப்பிய படிவம் ஏழாவது கேள்வியில் புனித நூலின் பெயரைக் கேட்டது, காலியாக விட்டால் சிவப்பு நட்சத்திரம் காட்டி அடுத்த பக்கம் போக மாட்டேன் என்றது. இல்லை என்று எழுதினேன், அது எந்த நூற்றாண்டு என்றது, அப்புறம்தான் அந்தச் செப்பேட்டை இறக்கினேன். தோற்றுவித்தவர் யார், கொள்கை என்ன, வாரத்தில் எந்த நாள் கூடுவீர்கள் என்று மேலும் கேள்விகள். படிவம் போட்டவர்கள் தங்கள் ஊர் சர்ச்சுக்குத் தைத்த சட்டையை முனிக்கு மாட்டிப் பார்க்கிறார்கள், கை நுழையாவிட்டால் முனிக்குக் கை கோணல் என்று எழுதுவார்கள்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான், பாலிக் புலாவ் மலை வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன், உன் பெரியம்மா மறுப்பாள், நம்பாதே. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முனிக்குச் சுருட்டு கொளுத்தாமல் ஒருநாளும் வண்டி எடுத்ததில்லை. சீன மெக்கானிக்கும் ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவான். இதைப் படிவம் கேட்கவே இல்லை, எதை நம்புகிறீர்கள் என்றுதான் கேட்டது. அவனிடமே கேட்டேன், பிரேக் பிடிச்சா போதும் லா அண்ணே என்கிறான்.

டிப்போ வெல்டர் மோகனராஜ், ஒரு செப்புத் தகடு இருந்தா சாயந்தரத்துக்குள்ள புராணமே அடிச்சுத் தர்றேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். முனிக்குப் புத்தகம் இல்லை என்பதற்கு ஒருமுறை வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன், இன்னொரு முறை வெட்கப்பட மாட்டேன். பேராசிரியரிடம் நீயே சொல்லிவிடு. அத்தியாயம் போனால் போகட்டும். பெரியப்பா அய்யாக்கண்ணு பொய் சொன்னார் என்று முழுப்பெயர் போட்டே எழுது, ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கிய கேள்வியையும் பக்கத்திலேயே எழுது. அதுதான் உன் அத்தியாயம்.

நீ டாக்டர் பட்டத்தோடு வந்து இறங்க எங்கள் ஆசீர்வாதம். பெரியம்மா பின்னிய குல்லாவைக் காது மறைய மாட்டிக்கொள். வாய்மொழித் தேர்வன்று வாசலில் ஓர் எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டு உள்ளே போ. எதை நம்பி மிதித்தாய் என்று யாராவது கேட்டால், அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடு.

உன் பெரியப்பா,
அய்யாக்கண்ணு