நிறை என்றால் சரக்கு

ஜனவரி 6

பாளையம்பட்டி மாலை வகுப்புக்கு, அறிவியல் சொற்களை எளிய தமிழில் விளக்கும் கையேடு எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பத்தொன்பது பெண்கள், பெரும்பாலும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். ஏப்ரலில் எட்டாம் வகுப்புத் தேர்வு. "நிறைன்னா என்ன டீச்சர்?" என்று சந்தனம்மாள் அக்கா கேட்டார். ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறதோ அது என்றேன். "அம்புட்டுத்தானா" என்று எழுதிக்கொண்டார். கையேட்டிலும் அப்படியே எழுதினேன்.

ஜனவரி 24

அருப்புக்கோட்டையில் சீராய்வுக் குழு. தலைவர் ராஜகுரு அய்யா, ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல மனிதர், எளிமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பிறகு என் தாளை எடுத்தார். "சரக்குன்னா இன்னைக்கு என்ன அர்த்தம்னு தெரியுமாம்மா? பொம்பளைக படிக்கிற புத்தகம்." அடித்துவிட்டார். ஆவியாதலுக்குக் காயப்போட்ட சேலையைச் சொல்லியிருந்தேன். சேலையும் போனது. நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

பிப்ரவரி 17

கையேடு வந்துவிட்டது. அட்டையில் 'எளிய' என்று கொட்டை எழுத்து. உள்ளே: 'நிறை என்பது பருப்பொருளின் அளவு.' என் பெயரும் இருக்கிறது.

பிப்ரவரி 28

வகுப்பில் ஆறே பேர். வராதவர்களில் ஒருத்தி முருகலட்சுமி. பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "வேலை சாஸ்தி டீச்சர்" என்றாள். கொஞ்சம் நின்று, "நமக்கு மண்டையில ஏறாதுன்னு அந்தப் புத்தகமே சொல்லுதுல்ல" என்றாள்.

மார்ச் 8

வெளியீட்டு விழா. கேள்வி கேட்கலாம் என்றார் அய்யா. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். சந்தனம்மாள் எழுந்தார்.

"பருப்பொருள்னா என்னங்கய்யா?"

"நிறை உள்ளதெல்லாம் பருப்பொருள்தாம்மா."

"நிறைன்னா?"

"பருப்பொருளின் அளவு."

"அப்ப ரெண்டுல ஒன்னாவது தெரிஞ்சவுக படிக்கிற புத்தகமாய்யா இது?"

சிரிப்பு அடங்க நேரமானது. அய்யா தண்ணீர் குடித்தார். நான் சிரிக்கவில்லை — குழுவில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மார்ச் 10

என் பழைய தாளை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுத்தனுப்பினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மார்ச் 13

பதினைந்து பேர்.

மே 29

பதினொரு பேர் தேர்ச்சி. சந்தனம்மாள் அறிவியலில் 58. முருகலட்சுமி தவறிவிட்டாள், மறுபடி எழுதுகிறாளாம்.

ஜூலை 12

இரண்டாம் பதிப்புக் குழுவில் சந்தனம்மாளும் உறுப்பினர். ராஜகுரு அய்யாவே பெயர் கொடுத்தாராம். இன்று என் புதிய தாளில் நான்கு இடங்களில் அக்கா சுழித்திருந்தார்.

"'நுண்ணிய'ன்னு எதுக்கு டீச்சர்? பொடிசுன்னா போதாதா?"

எனக்குச் சுருக்கென்றது. "கொஞ்சம் கௌரவமா இருக்கட்டுமேக்கா" என்றேன்.

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். நானே அடித்தேன்.