பூஜையில் சேராத கடப்பாரை

அத்தை,

நேற்று ஓசூரில் பாப்பா வீட்டுக் கார் ஷெட் கதவு பாதியில் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் தானே ஏறி இறங்கும் மோட்டார் கதவு. மாப்பிள்ளை பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "ஆள் வருவாங்கம்மா, நீ ஏன் பதறுற?" என்றாள் பாப்பா, உங்கள் பேத்தி. உள்ளே யாரும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் குனிந்து பார்த்தேன். என் கை சுவரோரம் எதையோ தேடியது.

அது எதைத் தேடியது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மகன் காரிமங்கலத்தில் வாடகைக் கார் ஓட்டிய காலம். ஷெட்டுக்குப் புதிதாக ஷட்டர் போட்டிருந்தோம். அந்த வருஷத்து ஆயுத பூஜையன்று நீங்கள் காலையிலேயே சட்டம் போட்டுவிட்டீர்கள். ஸ்பேனர், சுத்தியல், கடப்பாரை, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துச் சாமி படத்தின் முன்னால் அடுக்கினீர்கள். "நாளைக்கி மறுபூஜை ஆகற வரைக்கும் ஒருத்தரும் கை வெக்கக் கூடாது." காய் நறுக்க வேண்டுமே என்றதற்கு என்னை முறைத்தீர்கள். அன்று ரசமும் அப்பளமும்தான். எனக்கு உங்கள்மேல் எரிச்சலாக இருந்தது.

காருக்குச் சாம்பிராணி காட்டி, ஷெட் வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். உள்ளே போட்டிருந்த காசுகள் சிதறின. பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். கூட்டம் கலைந்ததும் நீங்கள்தான் ஷட்டரை இழுத்தீர்கள். கடைசியில் முரண்டு பிடித்தது. காலால் ஓங்கி மிதித்து இறக்கினீர்கள்.

சோறு போடும்போதுதான் பாப்பாவைக் காணோம். மூன்று வயது அவளுக்கு. தேடிக்கொண்டு ஓடினால், ஷெட்டுக்குள் இருமல் சத்தம். காசு பொறுக்க உள்ளே போனவள். சாம்பிராணிச் சட்டி கங்கு அணையாமல் உள்ளேயே இருந்தது. ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது.

உங்கள் மகன் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார். ஒரு விரல் அளவு எழும்பி நின்றது. "ஸ்பிரிங் போயிடுச்சும்மா" என்று ஸ்டூல் போட்டு ஏறி எண்ணெய் ஊற்றினார். அசையவில்லை. பக்கத்து வீட்டு ஆட்களும் சேர்ந்து தூக்கினார்கள். நெம்பினால் வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் சாமி அறைப் பக்கம் பார்த்தார்கள், பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

இருமல் நின்றுவிட்டது.

"பாப்பா, பேசுடி!" என்று நான் தகரத்தில் அறைந்தேன். பாழாய்ப்போன பூஜை என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் குந்தி உட்கார்ந்து, ஷட்டர் ஓடும் பள்ளத்தைக் கையால் தடவினீர்கள். "ஸ்பிரிங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எடது பக்கம் ஏறுது, சோத்துக்கை பக்கம் அடியில என்னமோ புடிச்சிருக்குது." எழுந்து உள்ளே போய், சந்தனம் காயாத கடப்பாரையோடு வந்தீர்கள். நுனியில் சாமந்திப்பூ ஒட்டியிருந்தது.

"மறுபூஜை ஆகலியேம்மா…" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

"சாமிகிட்ட நான் பேசிக்கறனுங்க. நீங்க நவுருங்க."

நெம்பினீர்கள். பள்ளத்தின் தகரம் பிளந்து வளைந்தது. பூசணிச் சதையோடு ஒரு காசு கீழே விழுந்தது. ஷட்டர் விருட்டென்று ஏற, புகை முகத்தில் அடித்தது. கார் சக்கரத்தோரம் பாப்பா சுருண்டு கிடந்தாள். வெளியே தூக்கி வந்து தண்ணீர் தெளித்தீர்கள். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு இருமினாள், வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல் ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

நீங்கள் பூசணிச் சிதறலின்மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "நாந்தான மூடுனேன்" என்றீர்கள், என்னைப் பார்க்காமல். கேட்பதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஒன்றும் கேட்காமல் பாப்பாவை உங்கள் மடியில் வைத்தேன்.

அடுத்த வருஷம் மற்ற கருவிகள் எல்லாம் பூஜைக்குப் போயின. கடப்பாரையை மட்டும் சந்தனம் வைத்து, ஷெட் சுவரில் வெளியே சாத்தி வைத்தீர்கள். உங்கள் மகன் கேட்டதற்கு, "அதுக்குப் பூசை இங்கயே" என்றீர்கள். நீங்கள் இருந்தவரை அப்படித்தான் நடந்தது.

நேற்று கதவு சரியான பிறகு, மாப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பி ஒரு கடப்பாரை வாங்கிவரச் சொன்னேன். சந்தனம் வைத்து வாசலோரம் சாத்தினேன். "ஆயா என்னைக் காப்பாத்துன கதைதானே?" என்று சிரித்தாள் பாப்பா. திறந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். மூடியது யார் என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, அத்தை.