நாலாயிரம் கட்டுரையில் என் பெயர்

அன்பு மகள் இசைவாணிக்கு,

மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்து, ஊரெல்லாம் விளக்குப் போட்ட வருஷம் நீ பிறந்தாய். பெரியாஸ்பத்திரியில் நர்ஸம்மா, "பிள்ளைக்கு அப்பா யாரு?" என்று கேட்டதும் உன் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளைக் கட்டி அப்போது மூன்று மாதம்தான். "கருப்புன்னு எழுதுங்கம்மா" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து போனில் சிரித்தாய். "அப்பா, அணுவுக்குள்ள இருக்க துகளைப் பத்தி நான் போட்ட கணக்கை நாலாயிரம் கட்டுரையில எடுத்துச் சொல்லியிருக்காக. இங்க நம்ம பேரை விட்டுட்டு அப்பா பேரைத்தான் எழுதுவாக. அம்புட்டுலயும் கருப்புதான்!"

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தை மாதம் நம்ம ஊர் வாடிப்பட்டியில் உனக்கு நடக்கிற பாராட்டு விழாவில் இதை மேடையிலேயே சொல்லப்போகிறாயாம். வேண்டாம் தாயி.

எனக்கு எழுதத் தெரியாது. நம்மை அறியாத ஆளாகத் தேடி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதுகிறேன். மூன்று தடவை பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். "பெரியவரே, பேரைச் சொல்லுறீகளா, அடுத்த மனுவைப் பாக்கவா?" என்கிறார்.

விஷயம் தெரிந்த உன் அம்மாவும் போய்விட்டாள். என்னை விட்டால் உயிரோடு மிச்சமிருப்பது, அந்த நாலாயிரத்திலும் பேர் வந்திருக்க வேண்டியவர்தான். விழாவில் உனக்கு மாலை போடப்போகிற தவசி.

இப்படிக்கு,
இதுநாள்வரை நீ அப்பா என்று கூப்பிட்டவன்