சிக்னலில் சுடுகாற்று

ஏப்ரல் 22, செவ்வாய்

பெங்களூரு மாரத்தஹள்ளி சிக்னலில் ஏழு நிமிடம், ஏசியிலிருந்து சூடான காற்று. கேக்கின் கிரீம் ரோஜா அத்தனையும் என் மடியிலேயே சரிந்துவிட்டது. ஞானஸ்நான வீட்டில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. இந்தப் பழைய பிக்கப்பை வாங்கியபோது, "ஏசி எப்படி ஜில்லுனு இருக்கு பாரு பியாட்ரிஸ்!" என்று குதித்தவர் என் வீட்டுக்காரர் ஹெர்பர்ட். பின்பக்கம் அவருடைய வாடகை நாற்காலிகளுக்கு. என் கேக்குக்கு முன் சீட்டு, அதாவது என் மடி.

மே மூன்றாம் தேதி வைட்ஃபீல்டில் நிருபமா என்கிற பெண்ணின் கல்யாணம். மூன்றடுக்கு கேக். எனக்கு முதல் கல்யாண ஆர்டர். அதுவும் உருகினால் அந்தப் பக்கம் எவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

குழந்தை இயேசு கோயிலில் நொவேனா ஜெபக் கூட்டம். தெருவைத் தாண்டவே அரை மணி. ஒர்க்‌ஷாப்பில் இறங்கியதுமே ஹெர்பர்ட், "ஏசி கேஸ் காலி. கேஸ் போடுங்க" என்றார். மெக்கானிக் போட்டான். "ஓடும்போது ஜில்லுனு வருது, நின்னா சூடா வருது" என்று நான் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை. "கண்ணாடிய நல்லா ஏத்திவிடுங்க சார், சரியாயிடும்" என்று அவருக்குப் பதில் சொன்னான். சொன்னது நானா, அவரா?

ஏப்ரல் 26, சனி

வேறு ஒர்க்‌ஷாப். மறுபடி கேஸ்.

ஏப்ரல் 28, திங்கள்

மூன்றாவது ஆள். இங்கேயும் போய், "கேஸ் போடுங்க"! இப்போது வண்டி ஓடும்போதுகூட ஜில்லென்று வருவதில்லை. வண்டியிலேயே கத்திவிட்டேன் — "டாக்டர்கிட்ட போனா நோவச் சொல்லுவீங்களா, மருந்தச் சொல்லுவீங்களா?"

"வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

என்ன தெரியுமா? சூடு தெரியும். அவருக்கு வேர்த்தால் தோளில் துண்டு இருக்கிறது. என் இரண்டு கையும் கேக் பலகையில். மூக்கில் வேர்வை வழிந்தாலும் துடைக்க முடியாது.

ஏப்ரல் 30, புதன்

ஹெர்பர்ட் துக்க வீட்டுக்காக பஸ்ஸில் கே.ஜி.எஃப். போனார். லைசன்ஸ் வாங்கி ஏழு வருடம். அண்ணன் காரை ஓட்டியிருக்கிறேன், இந்தப் பிக்கப்பை மட்டும் அவர் தொட விட்டதில்லை. சாவியை எடுத்தேன். நேராக அத்திபெலே, எத்திராஜ் ஷெட். பூ வண்டிக்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் போகிறார்கள்.

"எப்போ சூடாகுதுக்கா?" என்று கேட்டார். இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள்! சொன்னேன். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"முன்னாடி ஃபேன் சுத்தல. எலி ஒயரக் கடிச்சிருக்கு. ஓடறப்போ எதிர்க்காத்து படுது, நின்னா காத்துக்கு எங்க போறது?"

ஒயரை மாற்றி, அளவுக்கு மீறி ஏற்றியிருந்த கேஸையும் இறக்கினார்; அதனால்தான் ஓடும்போதும் ஜில்லென்று வராமல் போனதாம். திரும்பும்போது சில்க்போர்டு சிக்னலில் பத்து நிமிடம் நின்றேன். ஜில்லென்றே இருந்தது. அழுதுவிட்டேன்.

மே 1, வியாழன்

எலி என்று சொன்னேன். "அவன் ஏதோ சொல்றான், நீயும் நம்பிட்டே" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

மே 3, சனி

காலையில் அவருக்கு முன்னால் நான் ஏறி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். "நீங்க கேக்கப் பிடிங்க." என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அந்தப் பக்கம் ஏறினார்.

மாரத்தஹள்ளி சிக்னல். ஏசி குறையவில்லை. மூன்றடுக்கையும் அணைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடப் பயந்து அவர். கால் மரத்துவிட்டது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒவ்வொரு வாட்டியும் இப்படியேவா வந்தே? அதுவும் அந்தச் சூட்டுல?"

"ஆமா" என்றேன்.

ஒரு பூகூடச் சரியவில்லை. நிருபமாவின் அம்மா பக்கத்து பிளாக்கில் இருப்பவர்களுக்கு என் நம்பரைக் கொடுத்தார்.

திரும்பும்போது மடியில் கேக் இல்லை. ஆனாலும் ஹெர்பர்ட் தானாகவே இடது பக்கம் ஏறிக்கொண்டார்.