உங்கள் பக்கத்துச் சோறு

நானா,

போன கிழமை சிலாவத்துறை ஆஸ்பத்திரியில் என்னைத் தராசில் ஏற்றினார்கள். முள் ஓடி நின்ற இடத்தைப் பார்த்த நேர்ஸ் மிஸ், என் முகத்தைப் பார்த்தார். பிறகு தராசை ஒருதரம் தட்டிப் பார்த்தார். தராசில் பிழையில்லை. பதினான்கு கிலோ குறைக்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதினார். நானும் தலையாட்டினேன். அந்தப் பதினான்கும் என்னுடையதல்ல, இந்தக் கரையோரக் கலியாண வீடுகளில் இன்னொரு மனிதருக்காகத் தின்றது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் மனநல டொக்டருக்கும் ஒரு துண்டு எழுதித் தந்திருப்பார்.

நீங்கள் போன பிறகு இரண்டு நோன்புப் பெருநாள் வந்துபோய்விட்டது. உங்கள் வயிறு அரசியலுக்கு வந்த கதையை ஊர் இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறது. அதைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன், அண்ணன் முறைக்கு உங்களை நானா என்று கூப்பிடுகிற இந்தப் போட்டோகொப்பிக் கடைக்காரன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

பிரதேச சபைக்கு நீங்கள் முதன்முதல் நின்ற காலம் அது. எதிரில் நின்றவர் மெலிந்த மனிதர். வெள்ளைச் சேட்டு அவர்மேல் கொடியில் காய்கிற மாதிரித் தொங்கும். அவருடைய ஆட்கள் ஒலிபெருக்கியில் உங்கள் உடம்பைப் பிடித்துக்கொண்டார்கள். இவரை அனுப்பினால் சபைக் கதிரை உடையும், மக்கள் பணத்தில் புதுக் கதிரை வாங்க வேண்டிவரும் என்றார்கள். நீங்கள் கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தில் போய்க் குந்திக்கொண்டு, கூட்டத்துக்கு வரமாட்டேன் என்றீர்கள். நான் பழுதாய்ப் போன கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி உங்கள் கையில் திணித்தேன்.

"இது என்ட வயிறு இல்ல, ஒங்கட வயிறு. ஒங்கட ஊடுகள்ல திண்டு வளர்ந்தது. இது ஊர்ச் சொத்து."

நீங்கள் அதை மேடையில் சொல்லி, இரண்டு கையாலும் வயிற்றைத் தட்டிக் காட்டினீர்கள். பெண்கள் இருந்த பக்கம்தான் முதலில் சிரித்தது. வென்றீர்கள். நான் ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்போது நிமிர்த்த நெஞ்சு இருந்தது. இப்போது அதற்கு முன்னால் வேறொன்று வந்து நிற்கிறது.

அதற்குப் பிறகு எல்லாரும் பங்குதாரர்கள் ஆகிவிட்டார்கள். பெருநாளைக்கு இனிப்பு வட்டிலப்பம், கிறிஸ்தவ வீடுகளிலிருந்து நத்தாருக்குக் கேக். திருக்கேதீஸ்வரத்துப் பக்கத்து வயல்காரர் தைப்பொங்கலுக்கு உங்களுக்கென்று தனியாக ஒரு பானை வைப்பார். கடலில் நல்ல பாரை மீன் பட்டால் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். உங்களைக் காணும்போது ஆட்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்த்தார்கள். தங்கள் பங்கு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. என் நாலு வரிக்கு இவ்வளவு தீனி தேவைப்படும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பிறகு ஒருநாள் மன்னாருக்குப் போய்த் திரும்பும்போது, அருவியாற்றுப் பாலத்தடியில் வானை நிறுத்தச் சொல்லி, சேட்டுப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துத் தந்தீர்கள். சீனி வருத்தம் முற்றி, நோய் கிட்னி வரைக்கும் போய்விட்டது. உடம்பைக் குறைக்க வேண்டும், இறைச்சி, உப்பு, இனிப்பு எல்லாவற்றையும் அடக்க வேண்டும், செய்தால் பல வருடம் சமாளிக்கலாம், செய்யாவிட்டால் இரத்தம் கழுவுகிற மெஷினில்தான் போய்ப் படுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இதை மதினியிடம்கூட நீங்கள் சொல்லவில்லை.

சனத்திடம் உள்ளதைச் சொல்லுவோம், விளங்கிக்கொள்வார்கள் என்றேன். நீங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சிரித்தீர்கள். "சிலாவத்துறையில சாப்பாடு வேணாம் எண்டுபோட்டு அடுத்த ஊர் அரிப்புல ஒரு தேத்தண்ணி குடிச்சா, அஸர் தொழுகைக்கு முந்தி அது சிலாவத்துறைக்கு வந்துரும்" என்றீர்கள். அது மட்டுமல்ல. நீங்கள் கொண்டுவந்த குடிதண்ணீர்க் குழாய், ஊருக்கு முந்தின ரோட்டு வளைவில் பாதி வழியில் நின்றது. வருத்தக்காரன் என்று தெரிந்தால் அடுத்த முறை கட்சி உங்களைப் பட்டியலில் போடாது, குழாயும் அந்த வளைவிலேயே கிடக்கும்.

"அப்ப நான் என்ன செய்ற நானா?"

"நீ தின்னு."

அப்படித்தான் தொடங்கினோம். ஆறு பேர் வட்டமாகக் குந்தி ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டில், சாப்பிடுகிற வழக்கம் இப்படி ஒரு களவுக்கும் உதவும் என்று அதைத் தொடங்கிவைத்த பெரியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அவரவர் முன்னால் இருக்கிற பக்கம் அவரவருக்கு. உங்களுக்கும் எனக்கும் நடுவில் நீங்கள் விரலால் சோற்றில் ஒரு கோடு இழுப்பீர்கள். பிறகு ஊர்க்கதை கதைத்துக்கொண்டே, சுண்டுவிரலால் ஒவ்வொரு இறைச்சித் துண்டாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளுவீர்கள். உங்கள் கை சோற்றுக்குள் ஓயாமல் வேலை செய்யும். வாய்க்குப் போவது நாலு பருக்கை. எழும்பும்போது உங்கள் பக்கம் துடைத்த மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் மனம் குளிர்ந்துபோவார். நான் வானில் ஏறிப் பின் சீற்றில் சாய்ந்து கிடப்பேன்.

எட்டு மாதம். நீங்கள் இறங்க இறங்க நான் ஏறினேன். இடுப்பில் சாரம் சுற்றுப் போதாமல் போனதைப் பார்த்து என் மனுசி சந்தேகப்பட்டாள், ஒரு மனிதன் தன் வீட்டுச் சாப்பாட்டில் இப்படி ஊதமாட்டான் என்று. சீனி இறங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்ன அன்று நீங்கள் வானுக்குள் என் வயிற்றைத் தட்டி, "நல்ல வேலைக்காரன்" என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன் நானா, என் வாழ்க்கையில் எந்தப் பாராட்டுக்கும் நான் அப்படிப் பூரித்ததில்லை.

ஆனால் மெலிவதை எங்கே ஒளிப்பது? சேட்டுக்குள் இரண்டு பெனியன் போட்டீர்கள். சுவரொட்டிக்கு நான் பழைய படத்தையே கொடுத்தேன். தேத்தண்ணிக் கடைகளில் கதை ஓடத் தொடங்கிவிட்டது. புற்று என்றார்கள் சிலர். கொழும்பில் ஊசி போட்டு உடம்பைக் கரைக்கிறார், இனிப் பெரிய ஆட்களோடு படம் எடுக்கிற யோசனை என்றார்கள் வேறு சிலர். கதையை ஊதிவிடுவதில் நானும் குறைந்தவனில்லை. ஆனால் அந்த முறை வாயைத் திறக்காமல் இருந்தேன். வள்ளக்காரர் ஒருவர் என் கடைக்கே வந்து கேட்டது மட்டும் மனதில் நிற்கிறது. "எங்கட மீன்ல வளர்ந்த வயித்தை மெம்பர் எங்க கொண்டுபோய் வித்தார்?" கேட்டவர் முகத்தில் பகிடி இல்லை. கவலைதான் இருந்தது.

வேட்பாளர் பட்டியல் முடிவாகிற கிழமை, முசலியில் அந்தக் கலியாணம். நம் சஹனில் உங்களுக்கு நேர் எதிரே, முதல் தேர்தலில் உங்களோடு மோதிய அந்த மெலிந்த மனிதரைக் கொண்டுவந்து குந்தவைத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டால் அழகு என்று. நீங்கள் கோட்டை இழுத்தீர்கள். முதல் துண்டைத் தள்ளினீர்கள். அவர் உங்கள் சுண்டுவிரலைப் பார்த்தார். பிறகு என் பக்கத்துக் குவியலைப் பார்த்தார்.

"மெம்பர், ஒடம்புக்கு ஏதுமா? சாப்பாடு எல்லாம் அந்தப் பக்கம் போகுது."

மற்ற மூன்று பேரின் கையும் நின்றது. அடுத்த சஹன்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு பகிடி தேடினேன். கலியாணத்துக்குக் கலியாணம் எனக்கு வருகிற பகிடிகளில் ஒன்றுகூட அன்று வரவில்லை. நீங்கள்தான் சிரித்தீர்கள். தள்ளிய துண்டை அதே சுண்டுவிரலால் கோட்டுக்கு அங்கால் திரும்ப இழுத்தீர்கள். "இது ஊர்ச் சொத்து. நான் எப்பிடிக் குறைக்கிற?" என்று சொல்லி வாயில் போட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என்னுடைய வரியல்லவா, நானும் சிரித்தேன். கீழே என் முழங்காலால் உங்கள் முழங்காலை இடித்தேன். நீங்கள் காலை எடுத்துக்கொண்டீர்கள். இறைச்சி இன்னொருதரம் கேட்டு வாங்கினீர்கள். வட்டிலப்பத்தையும் வழித்தீர்கள்.

நான் சஹனைப் பிடித்து இழுத்திருக்கலாம். எழும்பி நின்று, இந்த மனிதருக்கு வருத்தம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பட்டியலும் போயிருக்கும், குழாயும் போயிருக்கும், நீங்கள் என்னை மன்னித்திருக்கவும் மாட்டீர்கள். ஆனால் கோபத்தோடு உயிரோடு இருந்திருப்பீர்கள். இந்தக் கணக்கை நான் எத்தனை தரம் போட்டாலும் எனக்குச் சரிவருவதில்லை.

அதற்குப் பிறகு கோடு இல்லை. தேர்தல் முடியும்வரை எல்லா வீட்டிலும் உங்கள் பங்கை நீங்களே சாப்பிட்டீர்கள். வயிறு திரும்பி வந்தது. சனத்துக்கு நிம்மதி. வென்றீர்கள், குழாய் வளைவைத் தாண்டியது. சபைக் கதிரையில் நீங்கள் எத்தனை நாள் இருந்தீர்கள், ஆஸ்பத்திரி மெஷினுக்குப் பக்கத்தில் எத்தனை நாள் கிடந்தீர்கள் என்று நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு வந்த வள்ளக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் எங்கட ஊட்டுச் சாப்பாட்டை மெம்பர் வேணாம் எண்டு சொல்லல்ல என்று அழுதார். ஓம் என்றேன். மதினி இத்தாவில், வெளியாட்களைக் காணாமல் வீட்டுக்குள் துக்கம் காத்திருந்தார். அது முடிந்த பிறகு ஒருநாள், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ பக்கத்துலதானே குந்தியிருந்தாய்?"

வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் தனிப் பீங்கானில் சாப்பிடும்போதும் என் விரல் தானாகச் சோற்றில் கோடு இழுக்கிறது. கிளினிக்குக்குப் போய்வந்த நாளிலிருந்து என் மனுசி அதைப் பிடித்துக்கொண்டாள். கோடு வரைக்கும் திண்டுபோட்டு எழும்புங்க, மிஸ் சொன்னதும் அவ்வளவுதானே என்கிறாள். அவள் சொல்வது சரிதான். நானும் கோடு வரைக்கும் தின்றுவிட்டுக் கையை எடுக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அங்காலிருந்து ஒன்றும் இந்தப் பக்கம் வருவதில்லை.

பிறகு நானே கையை நீட்டி எடுத்துத் தின்கிறேன். கோட்டுக்கு அங்கால் கிடக்கிறதை விட்டுவிட்டு எழும்ப என்னால் ஏலாமல் இருக்கிறது, நானா. அன்றைக்கும் அதை நான்தானே தின்றிருக்க வேணும்.