அழத் தெரியாத செல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இரத்தம் ஊறுவதற்குப் போட்ட ஊசி உங்களுக்கு ஒத்துக்கொண்டதா?

அந்த மாதிரி மருந்தைத்தான் இங்கே எங்கள் மருந்துத் தொழிற்சாலையில், தொட்டியில் வளரும் செல்கள் சுரக்கின்றன. மருந்துப் புரதத்தின் மேல் அவையே சர்க்கரைச் சங்கிலிகளையும் கோக்கும். அது சரியாக அமையாவிட்டால் மருந்து உடம்பில் தங்காது. அன்று நீங்கள் கூப்பிட்டபோது "வேலை இருக்குப்பா" என்று வைத்துவிட்டேன். வேலையும் பார்க்கவில்லை; உடைமாற்றும் அறையில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்களுக்குத் தீனி கொடுக்கும் நேரம் தப்பிவிட்டது. பட்டினியிலும் அவை பாட்டுக்கு மருந்தைச் சுரந்திருக்கின்றன, சங்கிலிகள்தான் அரைகுறை. தொட்டியில் இருந்தது முழுவதையும் கொட்டினோம். பயப்படாதீர்கள், வேலை போகாது. மேற்பார்வை பார்க்கும் அக்கா திட்டக்கூட இல்லை.

"குழந்தைன்னா பசிச்சா அழுதுடும். இதுங்களுக்கு அழத் தெரியாதும்மா. நாமதான் போய்ப் பாக்கணும்" என்றார்.

ஊசி மருந்தை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள், இங்கே குளிர்கிறது. ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

அம்மா போனதிலிருந்து எப்போது கேட்டாலும் "சாப்டாச்சும்மா" என்கிறீர்கள். நானும் அத்தோடு விட்டுவிடுகிறேன். இன்று என்ன சாப்பிட்டீர்கள், அப்பா?

உங்கள் மகள்