தேத்தண்ணி இருக்கிறது, பெயர் இல்லை

உக்குவளை கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து வந்த தாள்களை மகள் என் மடியில் வைத்தபோது சூடு ஆறியிருக்கவில்லை. அந்த மை வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் சட்டைதான் ஞாபகம் வந்தது. பத்திரிகைக்குச் செய்தியை ஃபேக்ஸ் பண்ணிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது நீங்கள் இப்படித்தான் மணப்பீர்கள்.

கொழும்பில் ஒரு தொலைக்காட்சியில் நம் தர்ஷினிக்கு மாவட்டச் செய்தியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அந்தத் தாள்கள் அவளுடைய ஒப்பந்தம். சேமலாப நிதி, லீவு எல்லாம் அதில் இருக்கிறது. சாகும்வரை செய்தி அனுப்பிய உங்களுக்கு ஒரு துண்டுக் கடிதம்கூட யாரும் தரவில்லை.

"அப்பாவுக்குக் கிடைக்காதது, பாத்தீங்களாம்மா" என்று சிரித்தாள். சாமிப் படத்தடியில் வைத்து, மூலையில் திருநீறு தொட்டு வைத்தேன். பிறகு உட்கார்ந்து வாசித்தேன். நீங்கள் கொண்டுவரும் பேப்பர்களில் நானாக எழுத்துக் கூட்டிப் பழகியவள் நான். மெதுவாகத்தான் வாசிப்பேன், ஒன்றையும் விட மாட்டேன். நடுவில் ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது. பணிக்காகச் சேகரிக்கும் தகவல்கள், தகவல் தந்தவர்களின் பெயர், முகவரி உட்பட, நிறுவனத்துக்கே உரியவை. கேட்டதும் ஒப்படைக்க வேண்டும்.

அந்த வரியை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டினேன்.

யட்டவத்தப் பக்கம் வீடுகளுக்கு மேலே மலையை வெட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதினீர்களே, அப்போது த்ரீவீலில் வந்து இறங்கிய இரண்டு பேரை நான் இன்னும் மறக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாகத்தான் உள்ளே வந்தார்கள். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது. "மாத்தயா, ஒங்களோட கோவம் இல்ல. யாரு சொன்னதுன்னு பேர மட்டும் சொல்லுங்க, நாங்க போயிடுறோம்" என்றான் ஒருவன். அடுப்பெரிந்த குசினியின் கதவுக்குப் பின்னால் சின்னப் பிள்ளையாக இருந்த தர்ஷினியின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அம்மன் பேரைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

நீங்கள் உள்பக்கம் திரும்பி, "தேத்தண்ணி போடு, ரெண்டு பேருக்கும்" என்றீர்கள். பிறகு அவர்களிடம், "தேத்தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க. பேரு இல்ல" என்றீர்கள். நான் ஊற்றிக் கொண்டுவந்ததில் தட்டிலேயே பாதி கொட்டிவிட்டது. அவர்கள் குடித்தார்கள். போகும்போது வாசலில் நின்று வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்கள்.

உடனே பத்திரிகை ஆபீசுக்குப் போன் எடுத்தீர்கள். நீங்கள் தங்கள் ஊழியர் இல்லை, செய்தி அனுப்புகிற ஒருவர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நான் யாருமே இல்லயாம் புள்ள. யாருமே இல்லாதவன்கிட்ட வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறானுங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு வாசலில் த்ரீவீல் நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். நோய்தான் உங்களைக் கொண்டுபோனது, அவர்கள் இல்லை. ஆனாலும் அந்த அடிப்பு என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பிள்ளை, அங்கே மேற்பார்வையாளன் கொடுக்கும் தொல்லையைப் பற்றி தர்ஷினியிடம் பேசினாள். நம் ஹோலில் இருந்துதான் பேசினாள், சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு. நான்தான் தேத்தண்ணி கொடுத்தேன். எழும்பும்போது, "ஆன்ட்டி, பேரு வராதுதானே?" என்று என்னிடம் கேட்டாள். வராது என்றேன். இன்டர்நெட்டில் போட்ட அந்தப் பேட்டியைப் பார்த்துத்தான் தர்ஷினிக்கு வேலையே கொடுக்கிறார்கள். கையெழுத்து வைத்த கையோடு அவர்கள் கேட்கக்கூடிய முதல் பெயர் அவளுடையதாகத்தான் இருக்கும்.

தர்ஷினி கொழும்புக்குப் போன் எடுத்து, அந்த வரியை மட்டும் நீக்கச் சொல்லிக் கேட்டாள். "எல்லாரும் சைன் வச்சிட்டாங்க தங்கச்சி. மாத்த ஏலாது. விருப்பமில்லாட்டி சொல்லுங்க, ஆக்கள் நிறைய இருக்கு" என்றது ஒரு குரல். போனை வைத்துவிட்டு, "என்னம்மா செய்ய? வைக்கவா, வேணாமா?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

பெயர் வராது என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னவள் நான். தாள் இல்லாமல் நீங்கள் பட்டதும் எனக்குத் தெரியும். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று உங்கள் படத்தைப் பார்த்தேன்.

கோயில் மாதர் சங்கக் கணக்கு இப்போதும் என் கையில்தான். அதில் பிழை வந்தால் கிறுக்கி மறைக்க மாட்டேன். கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைப்பேன். அதையே சொன்னேன். "பேரு, முகவரின்னு இருக்கிற எடத்த மட்டும் வெட்டு. பக்கத்துல சின்னதா கையெழுத்து வை. அப்புறம் கீழ முழுசா வை."

"வேலைய குடுக்காட்டி?"

"குடுக்காட்டி குடுக்காட்டிதான்."

சொல்லிவிட்டேனே தவிர, அவள் கோடு இழுக்கும்போது என்னால் பார்க்க முடியவில்லை. குசினிக்குப் போய்விட்டேன். தாளைப் படமெடுத்து அனுப்பினாள். இன்னும் பதில் இல்லை. வேலை போகுமோ என்று ஒரு பயம். வேலை கிடைத்து, அந்தப் பெயரைத் தேடி வேறு யாராவது வாசலில் வந்து நிற்பார்களோ என்று இன்னொரு பயம். விளக்கேற்றிக் கும்பிட்டால் கொஞ்ச நேரம் அடங்குகிறது, பிறகு திரும்ப வருகிறது.

அந்தப் பிள்ளையின் பெயரை இந்த மடலில்கூட எழுதவில்லை, கவனித்தீர்களா?

சற்று முன் ஒரு த்ரீவீல் வந்து வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள்தான். அது தெரிவதற்கு முன்னமே எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது.